வெள்ளைச் சட்டைக்குப் பதில்

ஃபேர்லண்ட்ஸ், நான்காவது குறுக்குத் தெரு,
பல் டாக்டர் இளங்கீரன் அவர்களுக்கு
சூரமங்கலம் பட்டறையிலிருந்து செங்கமலம் எழுதுவது.

சட்டை வந்து சேர்ந்தது.
வலது தோளில் கை அகலத்துக்குச் செங்கல் நிறம்.
பையில் சீட்டு:
‘துருப்பிடித்த கேட்டை என் தலையில் கட்டிவிட்டாய்.’
எழுத்து தெளிவாக இருந்தது,
டாக்டர் எழுத்து போலவே இல்லை.

துருதான். மறுக்கவில்லை.
அது கூட்ஸ் வண்டியின் பக்கத் தகடு.
மேட்டூருக்கு நிலக்கரி சுமந்து
முப்பது ஆடி, முப்பது ஐப்பசி பார்த்தது.
ரயில்வே ஏலத்தில் நான் தட்டிப் பார்த்தபோது
பெயின்ட் எப்போதோ உதிர்ந்திருந்தது.
இரும்பு உதிரவில்லை.
கணீர் என்றது.
அந்தச் சத்தத்துக்குத்தான் விலை கேட்டேன்.

சாதா இரும்பில் துரு பொருமும், உப்பும், விழும்.
விழுந்த இடத்தில் ஈரம் மறுபடி நுழையும்.
வாடகை தராதவன் மாதிரி
அறை அறையாக உள்ளே போகும்.
இந்தத் தகட்டின் உருக்கில்
ரசத்துக்குப் போடும் பெருங்காயம் அளவு செம்பு,
கொஞ்சம் குரோமியம்.
அதனால் இதன் துரு விழாது.
இறுகும்.
இறுகி, தனக்குக் கீழே உள்ளதற்குத்
தானே கதவாகும்.

உங்களுக்கா சொல்ல வேண்டும்?
பல் பிடுங்கிய குழியில் உறையும் ரத்தத்தை
நாக்கால் துழாவாதே,
கொப்பளிக்காதே, அப்படியே விடு என்று
எனக்கே சொல்லியிருக்கிறீர்கள்
(கீழ்வரிசை, இடப்பக்கம், போன தை).
நான் விட்டேன்.
நீங்கள் விடவில்லை.

நேற்று அர்த்தனாரியை அனுப்பிப் பார்த்தேன்.
தாழ்ப்பாளுக்கு மேலே மூன்று இடம்
உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்திருக்கிறது.
பிறகு மழை.
பிறகு உங்கள் தோள்.
மற்ற இடமெல்லாம் அவன் வெள்ளைத் துண்டால் துடைத்தான்.
துண்டு வெள்ளையாகவே வந்தது.

இதற்குமேல் நான் ஜெயித்தவள் மாதிரி எழுதலாம்.
நாகலூர் இருக்கிறதே.
அங்கே ஓடைமேல் இதே ஏலத்துத் தகட்டில்
ஒரு நடைபாலம் போட்டுக் கொடுத்தேன்.
பெயின்டே வேண்டாம், பார்த்துக்கொள்ளுங்கள் என்று
எஸ்டேட்காரரிடம் மார் தட்டினேன்.
மலையில் மஞ்சு காலை பத்து மணிக்கும் எழுந்து போகாது.
சில்வர் ஓக் நிழல், மூலையில் காப்பிச் சருகு,
நனைந்தது காய நேரமே இல்லை.
மூன்றாம் வருஷம் சுத்தியலால் தட்டினேன்.
கணீர் வரவில்லை.
அப்பளக் கட்டு மாதிரி
அடுக்கடுக்காகக் கையில் வந்தது.
அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது:
நனைவது இதைக் கெடுப்பதில்லை.
காய விடாததுதான் கெடுக்கிறது.
இரும்பை மட்டும் கேட்டு வாங்கினேன்,
அதற்கு வேண்டிய வெயிலைக் கணக்கில் வைக்கவில்லை.
பாலத்தை என் செலவில் மாற்றினேன்.
கொலுசு போனது.

உங்கள் தெருவில் வெயிலுக்குக் குறைவில்லை.
ஆனால் கேட்டின் அடி
மல்லிகைப் பாத்தியில் புதைந்திருக்கிறது,
தினமும் குழாயைத் திறந்து விடுகிறீர்கள்.
ஞாயிறு வந்து இரண்டு விரல்கடை தூக்கி வைக்கிறேன்.
தூணில் வழியும் பழுப்புக் கோட்டுக்கு
ஒரு சொட்டுத் தகடும் வைக்கிறேன்.
இரண்டும் என் தவறு, காசு வேண்டாம்.
தேய்த்த மூன்று இடத்தையும் தொடாதீர்கள்.
நனையட்டும், காயட்டும், நனையட்டும்.
அடுத்த ஐப்பசிக்குள்
எந்த இடம் என்று உங்களுக்கே தெரியாது.

சட்டைக்கு எலுமிச்சம்பழமும் கல்லுப்பும் தேய்த்துப்
பட்டறைக் கொடியில் போட்டேன்.
முக்கால்வாசி போய்விட்டது.
மிச்சம் இருப்பது,
உள்ளே பனியன் போடாமல் பார்த்தால்
கஞ்சமலையை மேற்கிலிருந்து பார்த்த மாதிரி இருக்கிறது.

பாக்கி இரண்டாயிரத்து நானூறு.
அவசரமில்லை.